குதிரைகளைக் கொஞ்சம் கட்டிப் போடுங்கய்யா!

முன்குறிப்பு: கொஞ்சம் நீளமான பதிவு. கார்னாலே அலர்ஜின்னு சொல்றவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம். கார் பிடிச்சவங்க, அதுலயும் "எத்தனை ஹார்ஸ்பவர்?"ங்கறதைத் தவிர வேற கேள்வியே கேக்கத் தெரியாதவங்க, கண்டிப்பா இருந்து திட்டு வாங்கிட்டுத்தான் போகணும். :-)

அமெரிக்காவுல உட்டா மாநிலத்துல, வெண்டோவர்ங்கற சின்ன ஊருக்குப் பக்கத்துல பான்வில் உப்புத்தளம் இருக்கு. கண்ணுக்கெட்டின தூரம் வெள்ளை வெளேர்னு உப்பு. வளைவு கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. 1949லேர்ந்து ஆகஸ்ட் மாசமானா அங்க 'ஸ்பீட் வீக்'னு ஒரு வாரத் திருவிழா. நடத்துறது தெற்கு கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன். பக்கத்துல இன்னொரு கார் ஓடாது. நீங்க, உங்க கார், ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான். பரிசுப்பணம் பத்து பைசா கிடையாது. ஜெயிச்சா ரெக்கார்டு புத்தகத்துல பேர் வரும், தோத்தா மூஞ்சியெல்லாம் உப்பு வரும்.

இதுல எனக்குப் பிடிச்சது ராக்கெட் மாதிரி இருக்கற ராட்சசக் கார்கள் இல்ல. சின்னப் பசங்கதான். 1958ல வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் மாதிரி. பானட் மேல ரெண்டு ஹெட்லைட்டும் முழிச்சுக்கிட்டு நிக்கும், அதனால பிரிட்டன்ல அதுக்கு 'தவளைக் கண்ணு'ன்னே பேரு. 948 சிசி, 43 குதிரை, தம் கட்டி மிதிச்சா மணிக்கு 83 மைல் (134 கிலோமீட்டர்). இன்னிக்கு நம்ம கால் டாக்ஸியே அதை ஓவர்டேக் பண்ணிட்டுப் போயிடும். ஆனா உப்புத்தளத்துல எஞ்சின் அளவை வெச்சுத்தான் பிரிவு. 948 சிசிக்கு ஒரு பிரிவு, 1275 சிசிக்கு வேற பிரிவு. 7 லிட்டர் அமெரிக்க வி8ஓட இந்தத் தவளை மோத வேண்டியதில்ல. தன் சைஸ் ஆளோட மட்டும் மல்லுக்கட்டினா போதும். இதைவிட நியாயமான பந்தயம் எனக்குத் தெரிஞ்சு வேற கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இப்படி ஒரு பழைய சின்னக் காரை உப்புத்தளத்துக்குத் தயார் பண்ணப் போறேன்னு கிளம்புற பத்துப் பேர்ல ஒன்பது பேர் முதல்ல என்ன பண்றாங்க? எஞ்சினை வெளிய தூக்கி ஸ்டாண்டுல மாட்டுறாங்க! புது கேம்ஷாஃப்ட், பெரிய வால்வு, பெரிய கார்புரேட்டர்னு கையில இருக்கற காசுல முக்கால்வாசி அங்கயே கரைஞ்சு போயிடுது. மிச்சம் மீதி இருக்கற கால்வாசியிலதான் சீட், கேஜ், டயர், தீயணைப்பான் எல்லாம். இதைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது. என் கட்சி ரொம்ப சிம்பிள்: உப்புத்தளத்துக்குக் காரைத் தயார் பண்றப்போ எஞ்சினைக் கடைசியாத்தான் தொடணும். அதுக்கு முன்னாடி உயிர், அப்புறம் காத்து, அப்புறம் எடை, அப்புறம் கியர். இந்த வரிசையை மாத்துறவன் காசையும் தொலைப்பான், சில சமயம் ஆளையும் தொலைப்பான்.

ஏன்னு கேளுங்க. கணக்கோட சொல்றேன்.

ஆடி மாசத்துல எதிர்காத்துல சைக்கிள் மிதிச்சிருக்கீங்களா? அப்ப உங்களுக்குப் பாதி ஏரோடைனமிக்ஸ் ஏற்கெனவே தெரியும். வேகம் ஏற ஏற, காத்தைக் கிழிச்சுட்டுப் போகத் தேவைப்படற சக்தி வேகத்தோட மும்மடியில ஏறும். அதாவது வேகத்தை 10 சதவீதம் கூட்டணும்னா சக்தியை 33 சதவீதம் கூட்டணும். வேகத்தை ரெண்டு மடங்காக்க எட்டு மடங்கு சக்தி வேணும். நம்ம தவளைக்கே போட்டுப் பார்ப்போம். 43 குதிரையில 83 மைல். 100 மைல் வேணும்னா தோராயமா 75 குதிரை. 120 மைல் வேணும்னா 130 குதிரை! சூப்பர்சார்ஜர் இல்லாத 948 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின்ல 130 குதிரை எடுக்கறேன்னு ஒருத்தர் சொன்னா, பக்கத்துல இருக்கற நாற்காலியில உக்கார வெச்சு மோர் கொடுங்க. வெயில் ஜாஸ்தியா இருக்கும்.

இதையே திருப்பிப் போடுங்க. அதே 10 சதவீத வேகம், எஞ்சினைத் தொடாமலே, காத்துத் தடையைக் கால்வாசி குறைச்சாலும் கிடைச்சுடும். பட்டறையில ஒரு தகரக் கத்திரியும் நாலு நாள் பொறுமையும் இருந்தா ஆகுற வேலை பல இதுல இருக்கு. ஆனா அதுல சத்தம் வராதே! சைலன்சர் வழியா நெருப்பு கக்காதே! நண்பர்கள் கிட்ட பானட்டைத் தூக்கிக் காட்டிப் பெருமை அடிச்சுக்க முடியாதே! அதான் பிரச்சினை.

"தியரி பேசாத மாமே, நிரூபணம் காட்டு"ன்னு கேக்கறவங்களுக்கு: 1954ல எம்ஜி கம்பெனி ஈஎக்ஸ்179ன்னு ஒரு ரெக்கார்டு காரை பான்வில்லுக்குக் கொண்டு போனாங்க. ஓட்டினது ஜார்ஜ் ஐஸ்டனும் கென் மைல்ஸும். (2019ல வந்த 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படத்துல கிறிஸ்டியன் பேல் நடிச்சாரே, அதே கென் மைல்ஸ்தான்.) உள்ள இருந்தது எம்ஜி டிஎஃப் 1500 காருக்கான 1466 சிசி எஞ்சினோட ட்யூன் பண்ணின வடிவம். சூப்பர்சார்ஜர் கிடையாது. அந்த எஞ்சினோட ரோட்டுல ஓடுற டிஎஃப், 63 குதிரையில 85 மைல் போகும். நெட்டுக்குத்தலா நிக்கற ரேடியேட்டர் கிரில்லும் தனித்தனி மட்கார்டுமா, அலமாரிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்கும் அது. ஈஎக்ஸ்179 எவ்வளவு போச்சு தெரியுமா? 153 மைல்! அலமாரி உடம்போட அந்த வேகம் போகணும்னா 370 குதிரை வேணும். அந்தக் காலத்து 1500 சிசி எஞ்சின்ல சூப்பர்சார்ஜர் இல்லாம அதுல பாதிகூட வராது. அப்ப மிச்ச வேகம் எங்கேர்ந்து வந்துச்சு? உடம்புலேர்ந்து. காத்து வழுக்கிட்டுப் போற மாதிரி அடிச்ச அலுமினியத் தகட்டுலேர்ந்து.

"அதெல்லாம் பெரிய கம்பெனி வேலை. பர்ட் மன்ரோ தனியாளா எஞ்சினை வெச்சுத்தானே சாதிச்சார்?"னு அடுத்த கேள்வி வரும். 2005ல வந்த 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' படத்தைப் பார்த்த எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. (அந்த 'இந்தியன்' நம்மாளு இல்ல, மோட்டார் சைக்கிள் கம்பெனி பேரு. ஹிஹி.) நியூசிலாந்துக்காரர் மன்ரோ, 1920 மாடல் இந்தியன் ஸ்கவுட் வண்டிக்குத் தானே பிஸ்டன் வார்த்துப் போட்டார்ங்கறது உண்மை. 1967ல 1000 சிசிக்குள்ள இருக்கற பிரிவுல 183 மைலைத் தாண்டினார்ங்கறதும் உண்மை. ஆனா அந்த வண்டியைச் சுத்தி மீன் மாதிரி ஒரு கூடு இருந்துச்சே, அதை யாரும் பேசறதில்ல! கூட்டைக் கழட்டிட்டு அதே எஞ்சினோட 183 போயிருப்பாரா? வாய்ப்பே இல்ல. படம் பார்க்கறவனுக்குப் பிஸ்டன்தான் ஹீரோ, கூடு வெறும் சைடு கேரக்டர்.

இப்ப வரிசைக்கு வருவோம்.

முதல்ல உயிர். ஸ்ப்ரைட்டுக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல வெறும் 80 அங்குலம். அதாவது 6 அடி 8 அங்குலம். இவ்வளவு குட்டையான கார் உப்புல வழுக்கினா பம்பரம் மாதிரி சுத்தும். 1964 வரைக்கும் வந்த ஸ்ப்ரைட்ல பின்னாடி கால்-நீள்வட்ட ஸ்பிரிங் வேற. உடம்பு சாயறப்போ பின் ஆக்சிலே லேசாத் திரும்பும், நீங்க ஸ்டியரிங்கைத் தொடாமலே. நகரத் தெருவுல இது 'ஸ்போர்ட்டியா இருக்குப்பா'. 110 மைல்ல, உப்பு மேல, இது ஆளை முழுங்கற சமாச்சாரம். பக்கவாட்டுல திரும்பின காருக்கு அடியில காத்து புகுந்தா உருண்டுதான் நிக்கும். அதனால ரோல் கேஜ், தலையைப் பிடிச்சுக்கற சீட், நல்ல பெல்ட், தீ உடை, ஓட்டுற இடத்துக்கும் எஞ்சினுக்கும் தானியங்கித் தீயணைப்பு, ஒரே தட்டுல மொத்தக் கரண்டையும் அணைக்கற சுவிட்ச் எல்லாம் முதல் செலவு. ஸ்ப்ரைட்ல பெட்ரோல் டேங்கு உங்க முதுகுக்குப் பின்னாடி டிக்கித் தரைக்கு அடியில தொங்குதுங்கறதை மறந்துடாதீங்க.

கேஜ் வாங்கினா மட்டும் போதாது, அதைக் கட்டுற இடம் உறுதியா இருக்கணும். ஸ்ப்ரைட்டுக்குத் தனியா சேசிஸ் கிடையாது, உடம்பேதான் சேசிஸ். கதவுக்குக் கீழ நீளமா ஓடுற தகரப் பெட்டிதான் அதுக்கு முதுகெலும்பு. அறுபது வருஷப் பழைய கார்ல முதல்ல துருப்பிடிக்கறதும் அதேதான். பெயின்ட் அடிச்சுப் பளபளன்னு இருக்கும், ஸ்குரூ டிரைவரால குத்தினா உள்ள போயிடும். அங்க கேஜை வெல்டு பண்றது, கரையான் அரிச்ச உத்தரத்துல ஊஞ்சல் கட்டுற மாதிரி. முதல்ல அந்தப் பெட்டியை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் போட்டுட்டு, அப்புறம் கேஜ். இந்த வேலைக்கு ஒட்டுப்போடாத ஒரிஜினல் காரை எடுத்து அறுக்காதீங்க. எங்கயாவது கொட்டகையில துருவேறிக் கிடக்கறதை எடுங்க. ஸ்ப்ரைட்டும் அதோட இரட்டைப் பிறவி எம்ஜி மிட்ஜெட்டும் லட்சக்கணக்குல வந்த கார்கள். உப்பு, மிச்சமிருக்கற தகரத்தையும் தின்னப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்ததும் அடிப்பாகத்தைத் தண்ணி பீச்சிக் கழுவலைன்னா அடுத்த வருஷம் காருக்குப் பதிலா காவி நிறத்துல பொடிதான் இருக்கும்.

டயரும் உயிர் கணக்குலதான் வரும். 'எஸ்' ரேட்டிங் டயர் மணிக்கு 180 கிலோமீட்டர் வரைக்கும்தான். 120 மைல்னா 193 கிலோமீட்டர். எஞ்சினுக்கு லட்சம் லட்சமா கொட்டிட்டு, பழைய டயர்ல தேய்மானம் இல்லைன்னு சந்தோஷப்படறவனை என்னன்னு சொல்றது? ரப்பருக்கும் வயசாகும்யா, தேயாமலே சாகும்.

"ரூல் புக் ரொம்பப் படுத்துது, அந்தக் காலத்துல சட்டையும் தோல் தொப்பியும் போட்டுக்கிட்டு ஓட்டினாங்களே"ன்னு பெருமூச்சு விடற கோஷ்டி ஒண்ணு இருக்கு. ஆமா, ஓட்டினாங்க. அதுல எத்தனையோ பேர் திரும்பி வரல. அந்தப் புத்தகத்துல இருக்கற விதி ஒண்ணொண்ணும் சும்மா உக்காந்து எழுதினது இல்ல, யாரோ ஒருத்தருக்கு நடந்ததைப் பார்த்து எழுதினது. எஞ்சின் மேனுவலை வாங்கறதுக்கு முன்னாடி ரூல் புக்கை வாங்குங்க. எந்தப் பிரிவுல ஓடப் போறீங்க, அதுல எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு அதுலதான் இருக்கு.

ரெண்டாவது காத்து. உடம்பைக் கம்பெனி செஞ்ச மாதிரியே வெச்சுக்கணும்னு ஒரு பிரிவு, உடம்பை மாத்தலாம்னு இன்னொரு பிரிவு. உங்க பிரிவு எவ்வளவு விடுதோ அவ்வளவையும் கடைசிச் சொட்டு வரை பிழிஞ்சு எடுங்க. நெட்டுக்குத்தலான கண்ணாடி, திறந்த மேல்பாகம், முழிச்சுக்கிட்டு நிக்கற ஹெட்லைட், கதவு இடுக்கு, காருக்கு அடியில இருக்கற ஆயிரத்தெட்டு மேடு பள்ளம், எல்லாமே காத்தைப் பிடிச்சு இழுக்கற கைகள். தரையோட உயரத்தைக் குறைக்கறது அனேகமா இலவசம். ஓடறதே ஒன்றிரண்டு நிமிஷம்தான், அதுக்கு எதுக்கு ரேடியேட்டர் வழியா அவ்வளவு காத்து? ரேடியேட்டரையே எடுத்துட்டுத் தண்ணித் தொட்டி வெச்சு ஓட்டறவங்களும் அங்க நிறைய.

மூணாவது எடை. இங்கதான் சர்க்யூட் ரேஸ் பார்த்து வளர்ந்த கோஷ்டி மாட்டிக்கும். "எடையைக் குறை, எடையைக் குறை"ன்னு தரையில ஓட்டை போட ஆரம்பிச்சுடுவாங்க. உப்புத்தளத்துல வேகம் எடுக்க ஒரு மைல், ரெண்டு மைல் இடம் இருக்கு சாமி! அங்க லேசான கார் வேகமான கார் இல்ல, பறக்கப் பார்க்கற கார். எடை எவ்வளவுங்கறதைவிட எங்க இருக்குங்கறதுதான் முக்கியம். பட்டத்துக்கு வால் ஏன் பின்னாடி இருக்கு? அம்புக்கு இரும்பு முன்னாடியும் இறகு பின்னாடியும் ஏன் இருக்கு? கனம் முன்னாடி, காத்துப் பிடிக்கற பரப்பு பின்னாடி இருந்தாத்தான் நேராப் போகும். அதனாலதான் அனுபவஸ்தர்கள் ஈயக்கட்டியைத் தூக்கிட்டுப் போய் காரோட மூக்குப் பக்கம் தாழ்வா போல்ட் போட்டு முறுக்கறாங்க. ஈயத்துக்கு எந்தப் பத்திரிகையிலயும் விளம்பரம் வராது, அதனால இது யாருக்கும் தெரியறதில்ல.

நாலாவது கியர். ஸ்ப்ரைட்டோட பின் ஆக்சில் விகிதம் 4.22. டாப் கியர்ல 1000 சுற்றுக்குச் சுமார் 15.4 மைல். 100 மைல் போகணும்னா எஞ்சின் 6500 சுற்று சுத்தணும். அந்த எஞ்சின் முழு சக்தி கொடுக்கறதே 5000 சுற்றுப் பக்கத்துலதான்! பின்னாடி வந்த மிட்ஜெட்கள்ல 3.9, அப்புறம் 3.7 விகிதம் வந்துச்சு. 3.7 போட்டா அதே 100 மைல் 5700 சுற்றுல வந்துடும். ஒரு பழைய ஆக்சில் பல்சக்கர செட்டுக்கு ஆகுற செலவு எங்க, புது கிராங்குக்கு ஆகுற செலவு எங்க? அதுக்குன்னு ஒரேயடியா உயரமான விகிதம் போட்டா எஞ்சினால இழுக்க முடியாது. காத்துத் தடை எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் விகிதத்தைச் சரியாத் தீர்மானிக்க முடியும். அதனாலதான் கியர் நாலாவது.

இப்ப, இப்பத்தான், எஞ்சின்! அதுலயும் பத்திரிகை அட்டைக்குப் போடற குதிரை எண்ணிக்கை முக்கியம் இல்ல. ஸ்பீட் வீக்குல ஒரே ஒரு தடவை வேகமா ஓடினா ரெக்கார்டு கிடையாது. முதல் ஓட்டத்துல பழைய ரெக்கார்டை முறியடிச்சா காரை இம்பவுண்டுங்கற காப்பிடத்துக்குக் கொண்டு போகணும். அங்க நாலு மணி நேரம் வேலை பார்க்கலாம். மறுநாள் காலையில திரும்ப ஓடணும். ரெண்டோட சராசரிதான் ரெக்கார்டு. முதல் ஓட்டத்துல கனெக்டிங் ராடு பிளாக்கைப் பொத்துக்கிட்டு எட்டிப் பார்த்துச்சுன்னா, உங்க 100 குதிரையும் லாரியில ஏறி வீட்டுக்குப் போகும். 75 குதிரையோட ரெண்டு நாள் தாக்குப்பிடிச்சவன் பேரு புத்தகத்துல ஏறும். 1959ல ஸ்ப்ரைட்டோட 948 சிசி எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் வெச்சு, ஈஎக்ஸ்219ங்கற ரெக்கார்டு கார்ல போட்டு பான்வில்ல ஓட்டினாங்க. 12 மணி நேரம், சராசரி 138 மைல். அந்த 12 மணி நேரம்தான் சாதனை. ஒரு நிமிஷம் கத்தறதுக்கு எந்த எஞ்சினாலும் முடியும்.

இன்னொண்ணு. பான்வில் கடல் மட்டத்துக்கு 4200 அடி மேல இருக்கு. காத்து அடர்த்தி கம்மி, அதனால சாதாரண எஞ்சின்ல சக்தி பத்து சதவீதத்துக்கு மேல போயிடும். ஆனா அதே அளவுக்குக் காத்துத் தடையும் குறையும். ஒரு கை பிடுங்கினதை இன்னொரு கை கிட்டத்தட்ட கொடுத்துடுது. உப்போட உரசல் மட்டும் குறையவே குறையாது. ஊர்ல டைனமோமீட்டர்ல காட்டின எண்ணை நம்பி வந்தவன் கார்புரேட்டர் ஜெட்டைத் திரும்பப் பார்க்கலைன்னா அதுவும் போச்சு.

குதிரைசக்தியே வேண்டாம்னு நான் சொல்லல. ஸ்டிர்லிங் மாஸ் 1957ல எம்ஜி ஈஎக்ஸ்181ல 245 மைல் போனதும், ஃபில் ஹில் 1959ல அதே கார்ல 254 மைல் போனதும் சூப்பர்சார்ஜர் இல்லாம நடந்திருக்காது. ஆனா அந்தக் காரைப் பாருங்க. முதல்ல மழைத்துளி மாதிரி உடம்பை வரைஞ்சுட்டு, அதுக்குள்ள எஞ்சினைத் திணிச்சிருக்காங்க. வரிசை புரியுதா?

"பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு ஜப்பான்காரன் எஞ்சினை வெச்சா தீர்ந்துச்சு"ன்னு ஐடியா கொடுக்கறவங்களுக்கு ஒரு கும்பிடு. பெரிய எஞ்சின் வெச்சதும் பெரிய பிரிவுக்குப் போயிடுவீங்க, அங்க உங்களை மாதிரியே வெச்சவன் ஏற்கெனவே உக்காந்திருப்பான். 80 அங்குலத் தவளைக்கு 200 குதிரை கொடுத்தா அது சாதனைக்குத் தயார் பண்றது இல்ல, ஆஸ்பத்திரிக்குத் தயார் பண்றது.

கடைசியா ஒண்ணு. அந்த உப்பு நிரந்தரம் இல்ல. 2014, 2015, 2022னு மூணு வருஷம் மழையாலயும் உப்பு மோசமா இருந்ததாலயும் ஸ்பீட் வீக்கே ரத்தாச்சு. உப்பு வருஷா வருஷம் மெலிஞ்சுக்கிட்டு வருதுன்னு ஓட்டறவங்க பல காலமா புலம்பிக்கிட்டு இருக்காங்க. வருஷத்துக்கு ஒரு வாரம், அதுவும் வானம் மனசு வெச்சாத்தான். அந்த ஒரு வாரத்துல எஞ்சினைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கப் போறீங்களா, இல்ல நேராப் போய் நேரா நின்னு, ரெண்டாவது ஓட்டத்துக்கு வரிசையில நிக்கப் போறீங்களா?

குதிரை எங்கயும் ஓடிப்போயிடாது. முதல்ல லாயத்தைச் சரி பண்ணுங்க, வண்டியைச் சரி பண்ணுங்க. கடைசியில பூட்டிக்கலாம்.

பி.கு: "அப்ப உன் கார்ல எத்தனை ஹார்ஸ்பவர்?"னு யாராவது பின்னூட்டம் போட்டீங்கன்னா அழுதுடுவேன். மத்தபடி கும்மி அடிக்க எல்லாரும் வாங்க. :-)